இறுக்க இறுக்கக் கசிந்த எண்ணெய்

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு போர்ட்டிகோ தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை இருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் அப்பாவின் மாருதி 800 நிற்கும். 1997-இல் வாங்கிய வண்டி, கார்புரேட்டர் மாடல். அம்மா சோப்புத்தூள் போட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துப் பார்த்தார், சீயக்காயும் போட்டுப் பார்த்தார். கறை லேசாக வெளுக்கும். ஒரு வாரத்தில் மறுபடியும் ஈரமாகப் பளபளக்கும்.

இரண்டு வருஷத்தில் மூன்று பட்டறைகளுக்குப் போய் வந்துவிட்டோம். மூன்று இடத்திலும் ஒரே பதில்தான். "சம்ப் பேக்கிங் லீக் ஆகுது சார், டைட் பண்ணிட்டா நின்னுடும்." ஜாக்கி போட்டுத் தூக்குவார்கள், பத்தாம் நம்பர் ஸ்பேனரை மாட்டி முழங்கை நரம்பு புடைக்க ஒரு சுற்று இறுக்குவார்கள், அனுப்பிவிடுவார்கள். பத்து நாள் கசிவு நிற்கும். பிறகு முன்பைவிட அதிகமாக வரும். மூன்றாவது இடத்தில் ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டையும் அதே வேகத்தில் இறுக்கியதில் மரை போய்விட்டது. அதை எங்களிடம் சொல்லவே இல்லை. வெள்ளை டேப் சுற்றி உள்ளே திணித்து அனுப்பியிருந்தார்கள். பைப் மரையில் சுற்ற வேண்டிய டேப்பை இன்ஜினுக்கு அடியில் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

போன கிருத்திகையன்று அப்பா குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, திருப்பத்தில் வளைக்கும்போதெல்லாம் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் மினுக்கி அணைந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கை உருவினால் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. எண்ணெய் அந்த அளவுக்கு இறங்கிவிட்டால், வண்டி வளையும்போது மிச்ச எண்ணெயும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். கிராங்க் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கிற எண்ணெய்ப் படலம் மெல்லியது. அது அறுந்தால் உலோகமும் உலோகமும்தான் உரசும். அந்த லைட்டும் அழுத்தம் ரொம்பக் கீழே போன பிறகுதான் எரியும், முன்கூட்டி எச்சரிப்பதற்காக வைத்ததல்ல. "இனிமே இதை நானே கழட்டிப் பாக்கிறேன்பா" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஜாக்கியை நம்பி அடியில படுக்காதம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் மெக்கானிக் இல்லை. பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் பேடு வரைக்கும் நானே மாற்றியிருக்கிறேன். சம்ப்பைக் கழற்றியது இதுதான் முதல் தடவை.

சென்னையில் சம்ப் என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது வாசலுக்கு அடியில் மெட்ரோ வாட்டர் விழுகிற தொட்டிதான். காரிலும் அதே வேலைதான். இன்ஜினின் அடியில் திருகியிருக்கிற தகரத் தொட்டி அது. பம்ப் அதிலிருந்து வடிகட்டி வழியாக எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக கிராங்க்குக்கும் மேலே கேம்ஷாஃப்ட்டுக்கும் அனுப்பும். வேலை முடிந்த எண்ணெய் தானாக வழிந்து மறுபடியும் தொட்டியில் விழும். பட்டறைகளில் யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: எண்ணெய்க்கு அழுத்தம் இருப்பது பம்ப்புக்கு அப்புறம்தான். தொட்டிக்குள் அழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் தண்ணீர் பாயும், கீழே சம்ப்பில் சும்மா தேங்கி நிற்கும், அது மாதிரி. சும்மா நிற்கிற எண்ணெயை வெளியே விடாமல் தடுக்க முரட்டு இறுக்கம் எதற்கு?

அழுத்தம் வர ஒரே ஒரு வழி உண்டு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறத்தான் மேலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது. அது அடைத்துக்கொண்டால் வாயு போக வழியில்லாமல் எண்ணெயை பேக்கிங் வழியாக வெளியே தள்ளும். நான் முதலில் கழற்றியது அந்தக் குழாயைத்தான். உள்ளே கறுப்பும் பழுப்புமாகக் களிமண் மாதிரி அடைப்பு. ஒரு குச்சிகூட நுழையவில்லை. வாரத்துக்கு ஒருமுறை நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் இன்ஜின் சரியாகச் சூடேறாது, உள்ளே கோர்க்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் எண்ணெயோடு கலந்து இப்படித்தான் குழம்பாகும். மூன்று பட்டறைகளில் ஒருவர்கூட அந்தக் குழாயைத் தொட்டதில்லை.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. முன்பக்கம் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, அதுவும் சிமெண்ட் தரையில். ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ வைத்துவிட்டு அடியில் படுக்காதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். எண்ணெயை வடித்து, சைலன்சரின் முன்குழாயை இறக்கி, கிளட்ச் அடியில் இருக்கிற தகட்டைக் கழற்றினால் சம்ப்பின் போல்ட்டெல்லாம் கைக்கு எட்டும். ஒரு அட்டையில் சம்ப் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுக் குத்தி வைத்தேன். பழைய எண்ணெய் தெருமுனை மெக்கானிக் அண்ணனின் பீப்பாய்க்குப் போனது. சாக்கடையில் ஊற்றவே கூடாத சரக்கு அது.

சம்ப் கைக்கு வந்ததும் அதன் விளிம்பில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்தேன். அப்போதுதான் இரண்டு வருஷக் கசிவின் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகடு கொப்புளம் மாதிரி எழும்பி நின்றது. ஸ்கேல் அந்தக் கொப்புளங்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அதாவது, இறுக்க இறுக்க போல்ட்டின் தலை ஓட்டையைச் சுற்றி இருந்த தகட்டை மட்டும் மேலே இழுத்திருக்கிறது. நடுவில் தகடு விலகி வாய் திறந்திருக்கிறது. கசிகிறது என்று மறுபடி இறுக்கினார்கள். கொப்புளம் இன்னும் பெரிதானது. சம்ப்பில் கசிவை வளர்த்ததே அந்த வைத்தியம்தான்.

விளிம்பைத் தட்டி நேராக்கும் வேலைக்கு ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. விளிம்பின் அடியில் தேக்குக் கட்டையை முட்டுக்கொடுத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் ஒவ்வொரு கொப்புளத்தையும் மெல்லத் தட்டி இறக்கினேன். ஓங்கி அடித்தால் அந்தப் பக்கம் பள்ளமாகிவிடும். நாலு தட்டு, ஸ்கேல், டார்ச். மறுபடி நாலு தட்டு. வெளிச்சக்கோடு மெலிந்து மெலிந்து மறைவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருந்தது, சப்பாத்தி வட்டமாக வருகிற நிறைவு.

மரை போன டிரெயின் நட்டுக்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. சம்ப்பை டீசலில் ஊறவைத்துக் கழுவி, சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். எண்ணெய்ப் பிசுக்கோடு வெல்டிங் வைத்தால் பற்று பிடிக்காது. பழைய நட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது நட்டை வைத்து வெல்டிங் போட்டுக் கொடுத்தார்கள். கசிகிறதா என்று பார்க்க அங்கே இருந்த பெரியவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். வெல்டிங்கின் வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட வேண்டும். உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றி வைக்க வேண்டும். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் வெள்ளைப் பூச்சில் ஈரப்பொட்டு தெரியும். ஒரு மணி நேரம் வைத்திருந்தோம். பூச்சு வெள்ளையாகவே இருந்தது.

முதல் தடவை மாட்டியது தோற்றுப்போனது. அதையும் எழுதினால்தான் அடுத்தவருக்கு உபயோகம். கடையில் கார்க் பேக்கிங் கொடுத்தார்கள். அது மட்டும் போதாது என்று நினைத்து, அதன் இரண்டு பக்கமும் அனபாண்ட் சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவினேன். சிலிகான் காய்கிற வரைக்கும் விளக்கெண்ணெய் மாதிரி வழுக்கும். போல்ட்டைத் திருகத் திருக கார்க் வழுக்கி வெளியே பிதுங்கியது, ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் கிழிந்தும் விட்டது. கிழிந்தது தெரியாமல் எண்ணெயை ஊற்றினேன். கால் மணி நேரத்தில் கீழே விரித்திருந்த பேப்பரில் சொட்டு.

மெக்கானிக் அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். "கார்க்குன்னா கார்க்கு, பேஸ்ட்டுன்னா பேஸ்ட்டு. ரெண்டையும் சேத்துப் போட்டா எப்டிமா நிக்கும்?" என்றார். பிறகு இன்ஜினின் அடிப்பக்கத்தை விரலால் தடவி என் முகத்துக்கு நேரே காட்டினார். விரல் நுனியில் எண்ணெய். "இத்தத் தொடச்சியா?"

துடைத்திருந்தேன். ஆனால் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். சம்ப்பைக் கழற்றிய பிறகும் இன்ஜினின் உள்சுவர்களிலிருந்து எண்ணெய் மணிக்கணக்கில் வழிந்துகொண்டே இருக்கும். பார்த்தால் தெரியாது. சம்ப் வந்து ஒட்ட வேண்டிய முகத்தில் ஒரு துளி இறங்கி நின்றால் போதும், அந்த இடத்தில் சிலிகான் பிடிக்காது.

அதனால் இரண்டாவது தடவை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். கீழே தாம்பாளம், வண்டியின் மேல் பெட்ஷீட். காலையில் தாம்பாளத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் சேர்ந்திருந்தது. பழைய பேஸ்ட்டைச் சுரண்ட, இரும்பு இருக்கும் இடத்தில் பிளேடு போதும். முன்பக்கம் ஆயில் பம்ப் ஹவுசிங் அலுமினியம். அதில் பிளேடு கீறினால் அந்தக் கீறலே எண்ணெய்க்கு வாய்க்கால் ஆகிவிடும். பழைய ஏடிஎம் கார்டை ஓரம் சீவி அங்கே சுரண்டினேன். கடைசியாக பனியன் வேஸ்ட்டில் தின்னரை நனைத்துத் துடைத்தேன். வேஸ்ட் கறுப்பாகாமல் வெள்ளையாகவே திரும்பி வருகிற வரைக்கும் துடைக்க வேண்டும். எனக்கு ஏழு துண்டு ஆனது. போல்ட் ஓட்டைகளுக்குள்ளும் துணியைத் திரித்து விட்டுத் துடைத்தேன். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் ஏறும்போது அது பிதுங்கி மேலே வரும்.

இந்தத் தடவை கார்க் வேண்டாம், சிலிகான் மட்டும் என்று முடிவு செய்தேன். தகடு நேராகிவிட்டதால் அது போதும். டியூபின் மூக்கை மூன்று மில்லிமீட்டர் கோடு வரும்படி வெட்டி, சம்ப்பின் விளிம்பில் கையெடுக்காமல் ஒரே இழுப்பாகச் சுற்றினேன். போல்ட் ஓட்டைக்கு உட்புறமாக, கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கம்பி போகிற மாதிரி. கை நடுங்கிக் கோடு அறுந்தால் அந்த இடத்தில் கசியும். கோடு தடித்தாலும் ஆபத்துதான். உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் காய்ந்து, அறுந்து விழுந்து, பம்ப்பின் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் நிறைய இருந்தும் இன்ஜினுக்குக் கிடைக்காமல் போகும்.

நான்கு இடங்களில் மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு வைத்தேன். முன்னால் பம்ப் ஹவுசிங்கும் பின்னால் ஆயில் சீல் ஹவுசிங்கும் பிளாக்கோடு சேரும் மூலைகள் அவை. அங்கே ஒன்றிரண்டு இல்லை, மூன்று உலோகங்கள் கூடுகின்றன. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் முடி அளவு படி இருக்கும். அந்த நாலு மூலையை மறந்தால் மிச்சப் பாடெல்லாம் வீண்.

பேஸ்ட் போட்ட பிறகு நேரம் குறைவு. பத்து நிமிஷத்தில் மேலே ஆடை கட்டிவிடும். அதற்குள் சம்ப்பை நேராகத் தூக்கி வைக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் கோடு கலைந்துவிடும். மல்லாந்து படுத்தபடி இதைச் செய்வது கஷ்டம். அண்ணன் சொன்ன யோசனைப்படி, ஹார்டுவேர் கடையில் அதே மரையில் இரண்டு நீள போல்ட் வாங்கித் தலையை அறுத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளில் விரலால் திருகி வைத்திருந்தேன். சம்ப் அந்த இரண்டு கம்பிகளில் சறுக்கியபடி நேராக ஏறி உட்கார்ந்தது. தம்பி அடியில் கையால் தாங்கிக்கொண்டான். எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, கம்பிகளைக் கழற்றி அவற்றின் இடத்திலும் போல்ட் போட்டேன்.

இனிதான் இறுக்கம். சுசுகியின் இந்த வகை இன்ஜின்களில் சம்ப் போல்ட்டுக்கு 0.9-லிருந்து 1.2 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசைதான் கணக்கு. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருவது ஒரு கிலோகிராம்-மீட்டர். என்னிடம் டார்க் ரென்ச் இல்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுக்கிற கொக்கித் தராசு இருந்தது. என் ரிங் ஸ்பேனர் போல்ட்டின் நடுவிலிருந்து மறுமுனை வரை பன்னிரண்டரை சென்டிமீட்டர். எட்டால் பெருக்கினால் ஒரு மீட்டர். ஆக, நுனியில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக எட்டு கிலோ காட்டும் வரை இழுத்தால் கணக்கு சரி. நடுவிலிருந்து ஆரம்பித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஓரங்களுக்கும் போனேன். முதல் சுற்று நாலு கிலோ, இரண்டாவது சுற்று எட்டு. எட்டு கிலோ என்றால் மணிக்கட்டின் வேலை மட்டும்தான், தோள் வேண்டியதே இல்லை. அந்த முழங்கை இறுக்கங்கள் இதைப்போல் எத்தனை மடங்கு இருந்திருக்கும் என்று அடியில் படுத்தபடியே நினைத்துக்கொண்டேன். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மூன்றரை கிலோகிராம்-மீட்டர்.

அனபாண்ட் காய்கிற வாசனை ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் மாதிரி இருக்கும். அதில் உண்மையிலேயே வினிகரில் உள்ள அதே அமிலம்தான் வெளியேறுகிறது. இந்த மாதிரி சிலிகான் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். சென்னையின் கசகசப்பு எனக்கு அனுகூலமாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். ஆனாலும் இருபத்து நாலு மணி நேரம் எண்ணெய் ஊற்றவில்லை. அப்பா அன்றைக்கு மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, புது ஃபில்டரில் பாதி எண்ணெய் நிரப்பி மாட்டினேன். 20டபிள்யூ-40 எண்ணெய். முதலில் இரண்டரை லிட்டர், பிறகு டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. பம்ப்பும் குழாய்களும் காலியாக இருந்ததால் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு, அப்பாவை ஐந்தைந்து வினாடியாக சாவியைத் திருப்பச் சொன்னேன். மூன்றாவது தடவையில், "லைட் அணைஞ்சிடுச்சும்மா" என்றார். அதன் பிறகுதான் ஒயரை மாட்டி இன்ஜினை எழுப்பினோம்.

அடியில் சம்ப் விளிம்பு முழுக்க முகப்பவுடர் தூவியிருந்தேன். எண்ணெய் எங்கே எட்டிப்பார்த்தாலும் பவுடரில் கோடு விழும். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும் வரை விட்டு, மறுபடி அடியில் போய் டார்ச் அடித்தேன். நான்கு மூலைகளையும்தான் முதலில் பார்த்தேன். பவுடர் உலர்ந்து வெள்ளையாக இருந்தது. ராத்திரிக்கு ஒரு பழைய தினத்தந்தியை விரித்து வைத்தோம். காலையில் அதை எடுத்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர் அம்மாதான். மடித்துப் பழைய பேப்பர் கட்டிலேயே வைத்துவிட்டார்.

இந்தக் கிருத்திகைக்கு அப்பா குன்றத்தூர் போய் வந்துவிட்டார். லைட் மினுக்கவில்லை. இறங்கியதும் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு தடவை டைட் பண்ணி வெச்சுடலாமா?" என்று கேட்டார். இருபத்தேழு வருஷத்துக்கு மேலான பழக்கம். காய்ந்த சிலிகான்மேல் மறுபடி இறுக்கினால் பிடித்திருக்கிற பிடியே விட்டுப்போகும் என்று சொல்லி, ஸ்கேலையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்த கொப்புளத்தின் போட்டோவை போனில் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரை அவரே எடுத்துப்போய் டூல்ஸ் பெட்டியில் போட்டு மூடினார்.